லேபிள் மெஷினை ஒட்டுக்கேட்ட சனிக்கிழமை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, எங்கள் தொழிற்சாலையில் லேபிள் அடிக்கும் பெண்ணைத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் பேக்கிங்குக்கே அனுப்பிவிடுவது என்று முடிவானது. அவருக்குக் கைவேகம் போதாது என்பது காரணம். அந்த முடிவுக்கு நானும் ஒரு சாட்சி. "மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்று வெள்ளிக்கிழமை காலையில் திருவாய் மலர்ந்தவன் நான்தான்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு தயாரிக்கும் இடம் அது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று இருந்தது நான் ஒருவன்தான். மவுஸ் நகரவில்லை என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஏசி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தினமும் அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி, டவுனைச் சுற்றிக்கொண்டு மொபெட்டில் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை வைத்துக்கொண்டு பந்தா செய்வேன்.

லேபிள் அடிக்கும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மில் தொழிலாளிகள். மில் மூடியபின் அவர் எங்களிடம் சோப்பை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்கு வந்தார். நான்கு வருடம் நின்றுகொண்டே அடுக்கினார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர் என்பது தெரிய வந்ததும் லேபிள் மேஜைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் சரக்கு எண்ணை அடித்து எண்டரைத் தட்டினால், பக்கத்தில் இருக்கும் பிரின்டரில் லேபிள் வரும். உட்கார்ந்து செய்யும் வேலை, மின்விசிறிக்கு நேர் கீழே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவர் மீது குற்றம் சாட்டியவர் எங்கள் டெஸ்பாட்ச் மேனேஜர். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பென்ஷன் பிரான்சிலிருந்து தானாக வந்துவிடும். வேலைக்கு வரவேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை. வீட்டில் அவர் அதட்டினால் யாரும் எழுந்து நிற்பதில்லை, அதனால்தான் இங்கே வருகிறார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. சந்தோஷமாக இருந்தால் என்னைப் பிரெஞ்சு மரியாதையோடு "முசியே" என்பார். கோபம் வந்தால் "தம்பி" ஆகிவிடுவேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து லேபிள் மெதுவாகத்தான் வந்தது. வாசலில் லாரிகள் நின்றன. சொல்தா தன் பெரிய கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு லேபிளுக்குப் பதினைந்து விநாடி ஆகிறது என்று கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு, மெஷினில் கோளாறு உண்டா என்று கேட்டார். நான் மெஷினுக்கு எவ்வளவு வேலைப்பளு என்று மட்டும் பார்த்தேன். அது வெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அந்தத் திருவாக்கைச் சொன்னேன். வெட்டியாக உட்கார்ந்திருப்பதுதான் நோயே என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தார். அழவெல்லாம் இல்லை. கோபமாக இருந்தார்.

"நான் எண்டர் தட்டிட்டு கையக் கட்டிக்கினு உக்காந்திருக்கேன் சார். அது வரமாட்டேங்குது. பூஜைக்கு முன்னாடி தட்டுன ஒடனே வரும். இத மறுநாளே உங்ககிட்ட சொன்னேன்."

உண்மைதான், சொன்னார். நான் அப்போது வேறொரு மெஷினில் சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தேன். "பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்பது ஊரறிந்த விஷயம்.

இரவெல்லாம் உறுத்தியது. கூடவே ஒரு சின்ன சபலமும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. ட்ரஸ் என்று ஒரு கட்டளை உண்டு. அதை ஓட்டிப் பார்க்க எனக்கு வெகுநாளாக ஆசை, ஆனால் காரணம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் எந்த நிரலும் தன்னிச்சையாக ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமா, ஒரு எழுத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம் மனுப் போட வேண்டும். நம் அரசாங்க அலுவலகம் மாதிரிதான். ட்ரஸ் அந்த கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யார் என்ன மனுப் போட்டார்கள், என்ன பதில் வந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொன்றையும் திரையில் எழுதிக்கொண்டே போகும். ஒட்டுக்கேட்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ருசி உண்டு. அதையே வேலையாகச் செய்ய ஒரு கருவி கிடைத்தால் விடுவேனா?

சனிக்கிழமை காலை லேபிள் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்க சொல்தாவும் வந்து நின்றார். அவர் நின்றதால் கொஞ்சம் வித்தை காட்டலாமே என்று, மனுக்களோடு பேஜ் ஃபால்ட்டுகளையும் சேர்த்துக் காட்டும்படி கட்டளையைத் தட்டினேன். திரையில் ஐப்பசி மழையாகக் கொட்டியது.

"இன்னா தம்பி இது, இத்தினி ஃபால்ட்டு?" என்றவர் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார்.

"இது யார் மேலயும் தப்பு இல்ல சார். நிரலுக்குத் தேவையான பக்கம் நினைவகத்துல இல்லன்னா, இயங்குதளம் போய் எடுத்தாந்து குடுக்கும். அதுக்குத்தான் அந்தப் பேரு. நாள் பூரா நடக்கும்."

"எடுத்தாந்து குடுக்கறதுக்குப் போயி ஃபால்ட்டுன்னு பேரு வைப்பானா?" என்றார் சொல்தா. இங்கிலீஷ்காரன் மீது அவருக்கு எப்போதுமே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

வித்தை போதும் என்று ஃபால்ட்டுகளை நிறுத்திவிட்டு, மனுக்களையும் நேரத்தையும் மட்டும் காட்டச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் ஒரு லேபிள் அடிக்கச் சொன்னேன். எண்டரைத் தட்டினார். வரிகள் மளமளவென்று ஓடின: கோப்பைத் திற, படி, மூடு. சட்டென்று நின்றன. கடைசி வரியின் ஓரத்தில், பதில் வராமல் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று ட்ரஸ் எழுதியிருந்தது. ஐந்து விநாடி போயிற்று. மறுபடி அதே மனு, மறுபடி தூக்கம். மூன்றாவது முறையும் அப்படியே. அப்புறம் வேறு வழியில்லாமல் தன்னிடமே இருந்த உள்ளூர்க் கோப்பு ஒன்றைத் திறந்து படித்ததும் லேபிள் வந்து விழுந்தது. இவ்வளவு நேரமும் அந்தப் பெண் சொன்ன மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனு எந்த மெஷினுக்குப் போகிறது என்று பார்த்தேன். எண்ணைப் பார்த்ததும் அது எந்த மெஷின் என்று தெரிந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, என் பூதம் சந்தனம் குங்குமத்தோடு கிளம்பியது.

அது எங்கள் முதல் கம்ப்யூட்டர். தொழிற்சாலையின் பிரின்டர்களுக்கும் மெஷின்களுக்கும் உள்ள பெயர்ப்பட்டியல் அதில் இருந்தது. லேபிள் மெஷின் ஒவ்வொரு தடவையும் பிரின்டரின் விலாசத்தை அதனிடம் கேட்டுத்தான் அனுப்பும். அப்படிக் கேட்கச் சொல்லி எழுதிவைத்தவன் நான். எங்கள் முதலாளிக்கு அது ராசியான மெஷின். ஆயுத பூஜைக்கு அதை அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, தன் அறையின் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "இங்கியே இருக்கட்டுமாப்பா, வேல ஒண்ணும் கெடாதே?" என்று என்னைக் கேட்டார். "அது சும்மாதான் கெடக்குது சார், தாராளமா வச்சிக்கோங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். அன்றிலிருந்து அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டுகிறார். இங்கே லேபிள் மெஷின் அதனிடம் மூன்று முறை விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறது. அணைந்து சாமியாகிவிட்ட மெஷின் எப்படிப் பதில் சொல்லும்?

ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். முதலில் உள்ளூர்க் கோப்பைப் பார், அப்புறம்தான் வெளியே கேள் என்று வரிசையை மாற்றினேன். அந்தப் பெண் எண்டரைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் லேபிள் வந்துவிட்டது. இன்னொன்று தட்டினார். அதுவும் வந்தது.

சொல்தா கடிகாரத்தைப் பார்த்தார். "வொய்லா! ஒரே செகண்டு!" என்று என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா முசியே, பேக்கிங்குக்குப் போன்னு சொன்னாத்தான் கையில வேகம் வருது. ஒரு அதட்டு போடணும். சரிம்மா, திங்கக்கெழம பேக்கிங் வேணாம், இங்கியே இரு. இன்னொரு தடவ தூங்குன, அவ்ளோதான்."

அந்தப் பெண்ணின் நாற்காலி தப்பியது. என் மானமும் தப்பியது. வாயை மூடிக்கொண்டு என் அறைக்குப் போயிருந்தால் எல்லோரும் சந்தோஷமாகத் தீபாவளி கொண்டாடியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், போகத்தான் எழுந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த பெட்டியின் எண்ணை அடித்துக்கொண்டிருந்தார். நான் பேசுவேன் என்ற எதிர்பார்ப்பே அவரிடம் இல்லை. அதுதான் என்னைத் தடுத்து நிறுத்தியது.

"சார், தூங்குனது அவங்க இல்ல, மெஷினு. தப்பு என்னுது" என்றேன். சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பழைய மெஷினின் கதையை முழுக்கச் சொன்னேன்.

சொல்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து ஒண்ணும் இல்லன்னீங்களே தம்பி?"

"நேத்து சரியா பாக்கல சார்."

அவர் பட்டாளத்து மிடுக்கோடு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. வாசலில் நின்ற லாரிகளைப் பார்க்க விறைப்பாக நடந்து போனார். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை.

"அந்தத் திரையில வந்ததெல்லாம் ஒரு தாள்ல அடிச்சிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"வச்சிக்கறேன். நான் சொன்னப்ப நீங்க நம்பல. அது எழுதுனா நம்புறீங்க இல்ல?"

அவர் மெஷினிலிருந்தே அச்சுக்குக் கொடுத்தேன். தாள் உடனே வந்தது. அவர் அதை நான்காக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.