ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிப் படமும் தேசம்மா அக்காவும்

மீன் விற்கப் போன இடத்தில், திருப்பாலைவனத்தில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தேசம்மா அக்காவோட மக லட்சுமி. "சித்தி, அம்மா செத்துட்டாங்க"ன்னு சொன்னாள். "போடி, காலையில என்கூட நண்டு பிரிச்சவ எப்படிச் சாவா? எங்கிட்டயே வெளாடுறியா?"ன்னு கேட்டேன். நான் எத்தனை பேருக்கு இந்த மாதிரி பொய்யாப் போன் போட்டு ஏமாத்தியிருப்பேன், அந்தப் புத்தி. அவள் அழுத பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தேன். நெஞ்சு வலிக்குதுன்னு சுவர் ஓரமா உட்கார்ந்தாங்களாம். அப்படியே சாய்ந்துட்டாங்களாம். ஷேர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் பந்தல் போட்டுவிட்டார்கள்.

அக்காவைப் பற்றி எழுதித் தா, நம்ம மகளிர் குழுக் கூட்டத்தில் படிக்கலாம்னு கேட்டீர்கள். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லவள், உதவி செய்பவள்னு எல்லாரும் சொல்லியாச்சு. நான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஏன்னு கடைசியில் தெரியும்.

டிவிக்குன்னே எடுக்கிறார்களே காதல் படம், தியேட்டர் பக்கமே போகாதது, ரெண்டு மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிகிறது, அதன் மேல் அக்காவுக்குப் பைத்தியம். சுனாமிக்குப் பிறகு அவங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டு ஹாலில் நாம பத்துப் பன்னிரண்டு பேர் கால் மடக்க இடமில்லாமல் உட்கார்ந்து பார்ப்போம். பாதிப் படம் வெளிநாட்டுக்காரன் எடுத்தது. ஊரெல்லாம் பனி கொட்டும். பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிற பொண்ணு பிறந்த ஊருக்கு வருவாள். அங்கே ஒரு கேக் கடை மூடுகிற நிலைமையில் இருக்கும். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன் நாயோடு வருவான். இவள் அவன் மேல் காப்பியைக் கொட்டுவாள். காப்பி கொட்டினதும் எனக்குத் தெரிந்துவிடும், நாலு மணிக்கு இவனைத்தான் கட்டிக்கப்போகிறாள்னு. டப்பிங் வேற, அவள் வாயை மூடின பிறகும் தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு அதைப் பார்த்தால் குமட்டும். அந்தப் பொண்ணுக்கு வியர்க்காது. எழுந்து வந்தால் தலை கலையாது. எந்நேரமும் கேக் திங்கிறாள், ஒரு நாளும் பாத்திரம் கழுவவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை, என்ன வேலை, குடிப்பானா மாட்டானான்னு ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். மூணே முக்காலுக்குச் சண்டை. அது என்ன பெரிய சண்டைன்னு பார்த்தால், இவள் யாரோ ஒருத்தனைக் கட்டிப்பிடித்ததை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். இவள் கட்டிப்பிடித்தது சொந்த அண்ணனை. "அடச்சீ, வாயைத் தொறந்து கேட்டிருந்தா மூணு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்கலாமே"ன்னு நான் கத்துவேன். நீங்கள் சிரிப்பீர்கள். அக்கா மட்டும் கண்ணெடுக்காமல், "சும்மா இரு கஸ்தூரி, இப்போ ஓடி வருவான் பாரு"ம்பாங்க. ஓடித்தான் வருவான். வராமல் எங்கே போவான்?

நம்ம ஊரில் எடுக்கிறவர்கள் மட்டும் ஒழுங்கா? மீனவப் பொண்ணு கதைன்னு ஒண்ணு போட்டார்களே, ஞாபகம் இருக்கா? அவள் கூடையில் மூணே மூணு மீன். மூணும் ஒரே அளவு, தட்டில் அலங்காரம் பண்ணின மாதிரி. நகத்தில் சிவப்புச் சாயம். வெள்ளைப் பேன்ட் போட்டவன் படகிலிருந்து இறங்குகிறான், காலில் ஒரு துளி சேறு இல்லை. நாம இடுப்பளவு சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், ராத்திரி படுக்கும்போதும் கையில் வீச்சம் போகாது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இவ கையை மோந்து பாருங்கடி, பவுடர் வாசனைதான் வரும். நம்ம பொழப்பை வெச்சி நம்மளயே கேலி பண்றானுங்க"ன்னு எழுந்துவிட்டேன். அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாங்க. "மீன் நாறலன்னா இன்னாடி, அதுல மனுசன் நாறலியே"ன்னாங்க.

எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. இன்னொரு நாள், பெருசு சின்னதுன்னு நண்டு பிரிக்கிற கொட்டகையில் நானே கேட்டேன். "அக்கா, பொண்ணு கட்டிக்குடுத்துப் பேரப் பிள்ளை எடுத்துட்ட. அந்தக் கண்றாவியில இன்னாதான் இருக்குது உனக்கு?"

அக்கா நண்டுக் காலைக் கட்டிக்கொண்டே சொன்னாங்க. "அதுல எவனும் கை ஓங்குறதில்ல, பார்த்தியா? தப்புப் பண்ணா வந்து தப்புன்னு சொல்றான். அவ கோவத்துல கத்துனாக்கூட, சாப்பிட்டியான்னு கேக்குறான். ரெண்டு மணி நேரம் அப்படி ஒருத்தனைப் பார்த்துகினு இருந்தா, ஒரு வாரம் ஓடும் கஸ்தூரி."

அவங்க வீட்டுக்காரரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் எழுத வேண்டாம். அக்காவோட இடது புருவத்தில் முடி ஏன் முளைக்கவில்லைன்னும் உங்களுக்குத் தெரியும். அவர் செத்தும் பல வருஷம் ஆகிவிட்டது, விடுங்கள். எனக்கு எப்போது பதில் தெரியாமல் போகிறதோ அப்போது கேலி பண்ணிவிடுவேன். அன்றைக்கும் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டேன்.

இப்போது வேலாயுதம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச்சிகள் மூணு பேரைக் கரையேற்றுவதற்குள் வயசு ஐம்பது தாண்டிவிட்ட பிரம்மச்சாரி. லட்சுமியோட பிள்ளைகள் பட்டணத்தில் வளர்கிறவர்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒரு விஷயம் விளக்கிவிடுகிறேன். நம்ம ஏரியில் நல்ல இடத்தில் யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. முறை வைத்துத்தான். அதுக்குப் பேர் பாடு. நம்ம குப்பத்தில் கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் அந்தப் பாடு வரிசையில் பேர் ஏறும். தனி ஆளுக்குக் கிடையாது. அதனால் வேலாயுதம் அண்ணன் ஓரத்துத் தண்ணியில் வீச்சுவலை வீசித்தான் காலம் தள்ளினார். சனிக்கிழமையானால் அக்கா வீட்டு ஜன்னல் கம்பியில் கால் கட்டின ஒரு பெரிய நண்டு தொங்கும். யார் வைத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் சும்மா இருப்பேனா? "அக்கா, உன் ஜன்னல்ல நண்டு காய்க்குது, எங்க வூட்டு ஜன்னல்ல துரு மட்டும்தான் காய்க்குது"ன்னு சொல்வேன். அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

போன வருஷம் மழைக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை. படம் முடிகிற நேரம். டிவியில் சந்தைக்கு நடுவில் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுகிறான், ஊரே நின்று பார்க்கிறது. அப்போது வாசலில் வேலாயுதம் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். "தேசம்மா, ஒரு வார்த்தை பேசணும்"னார். அக்கா எழுந்து நின்றாங்க. புதுப் புடவை கட்டியிருந்தாங்கன்னு எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவர் தொண்டையைச் செருமினார்.

நான் சொன்னேன். "இன்னா வேலாயுதண்ணே, பாட்டுல பேர் ஏத்த ஒரு பொண்டாட்டி வோணும்னு வந்துட்டியா?"

கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரித்தோம். நீங்களும்தான். யாரோ, "அக்கா, எனக்கும் கல்யாணம் ஆவாத சொந்தக்காரன் ஒருத்தன் கீறான், அவனையும் சேர்த்துக்கோ"ன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, யாருன்னு எழுதமாட்டேன். வேலாயுதம் அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டிவியில் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாங்க. பிறகு எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாங்க. எனக்குத் தம்ளரைக் கொடுக்கும்போது, "உன் வாய் இல்லன்னா இந்தக் குப்பமே தூங்கிடும்டி"ன்னாங்க. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கொண்டேன். எத்தனை மாசம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஜன்னலில் நண்டு தொங்கவில்லை. அதற்கும் ஒரு கேலி பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வழக்கம்போல டிவிக்கு முன்னால் எனக்கு இடம் பிடித்து வைத்தாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வேலாயுதம் அண்ணன் படகுத்துறைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லப் போனேன். சொல்ல வராமல், "அன்னைக்கு நீ இன்னாதான் பேச வந்த, இப்பனா சொல்லேன்"னு கேட்டேன். அப்போதும் பாதி விளையாட்டுத்தான்.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டிக்கிறியான்னு அவளைத் தனியா முன்னாடியே கேட்டுட்டேன் கஸ்தூரி. சரின்னுட்டா. ஆனா மறைவா சொல்றவன் மறைவாவே வுட்டுட்டுப் போவான், ஞாயித்துக்கிழமை படம் ஓடுறப்போ வாங்க, எல்லாப் பொம்பளைங்க முன்னாடியும் கேளுங்கன்னா. படத்துல அப்படித்தான் கேக்குறாங்களாம். ஊரே கை தட்டுமாம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் ஒரு வாய் கெட்டவ. அதுக்காகத் திரும்பப் போவாம இருந்துட்டியே?"ன்னு கேட்டேன்.

"போனேன். கதவாண்டயே நிக்க வெச்சா. 'இனிமே நீங்க வந்தா, பாட்டுல பேர் ஏறுறதுக்காக வந்தவருன்னுதான் ஊர் சொல்லும். ஊர் சொன்னா சொல்லட்டும். ஆனா என்னைக்காவது ஒரு நாள் கோவத்துல நானே அதைச் சொல்லிடுவேன். அது உங்களுக்கு வேணாம்'னா. அவ சொன்னதும் நாயந்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அழுது, ஆறியிருப்பேன்.

அதற்காகத்தான் இதை எழுதினேன். உங்களில் யாருக்கும் இது தெரியாது. அக்கா சாகிற வரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. தினமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நண்டு பிரித்தாங்க.

அந்தப் படங்கள் மேல் எனக்கு இப்போது முன்னைவிட அருவருப்பு. பனியும் கேக்கும் போகட்டும். அந்தச் சந்தையில் அத்தனை பேர் நிற்கிறார்களே, அதில் ஒருத்திக்காவது என் வாய் இருக்க வேண்டாமா? ஒருத்தியாவது ஒரு கேலி பேசி அத்தனையையும் கெடுக்கிற மாதிரி எடுக்க எவனுக்கும் தைரியம் இல்லை. எடுத்திருந்தால் அக்கா, "தனியாவே இருக்கட்டுங்க, அப்புறம் ஊர்த் தலையாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்"னு சொல்லியிருப்பாங்க. கும்பல்னா கை தட்டும்னு சொல்லிக்கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் பாவிகள். இப்படிப் படத்தைத் திட்டித் திட்டியே நான் தப்பித்துவிடலாம்னு பார்க்கிறேன். கை தட்டியிருக்க வேண்டியது படத்தில் இருக்கிறவர்கள் இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தது நாம. முதல் வாய் என்னுது.

படத்துப் பொண்ணு நாலு மணிக்குள் ஜெயிக்க வேண்டும்னு அக்கா ஆசைப்பட்டதை நான் பைத்தியம்னு நினைத்தேன். ஐம்பது வயசில், குப்பத்துப் பொம்பளைகள் அத்தனை பேர் முன்னாடியும், எனக்கு ஒருத்தர் வேண்டும்னு நிமிர்ந்து நிற்கத் துணிந்தவங்க அவங்க. நான் என் வாழ்க்கையில் வேண்டும்னு கேட்டது எதுவும் இல்லை. எல்லாத்தையும் சிரித்தே தள்ளிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கொட்டகை வாசலில் வேலாயுதம் அண்ணன் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். என் நாக்கில் பத்து வார்த்தை வந்து வரிசை கட்டியது, நல்ல நல்ல வார்த்தை, சொல்லியிருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தாள். நான் தட்டில் இருந்த நண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன சொல்ல வந்தாரோ, முழுசாகச் சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்.

"ஐஸ் கொஞ்சம் கிடைக்குமா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என் குணம் இல்லை. "சும்மா இரு கஸ்தூரி"ன்னு சொல்லிக்கொண்டே இருந்த தேசம்மா அக்காகிட்ட இருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அது ஒண்ணுதான். ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.