செல்மர் சொன்ன 'வேண்டாம்'

செல்மர் ஓப்டாலுக்குப் பசி எடுத்தால் அவன் வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும். எல்ம்டால் ஊரில் பிறந்த எல்லோருமே அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், காபி வேண்டுமா என்று கேட்கிறார்கள். 'ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லியாக வேண்டும். மறுபடி கேட்பார்கள். 'இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்' என்று கூசாமல் பொய் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். அப்போது 'சரி, பாதி கப் போதும்' என்று முனகிவிட்டு வயிறு முட்டக் குடித்துக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே சரி என்று தலையாட்டுகிறவனை அந்த ஊரில் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பார்கள். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார் மின்னசோட்டா மண்ணில் முதலில் விதைத்தது கோதுமையையா, இந்தக் கூச்சத்தையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் கூச்சத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு செல்மர் இரண்டாம் உலகப் போருக்குப் போனான். இராணுவச் சாப்பாட்டு வரிசையில் சமையல்காரன் உருளைக்கிழங்குக் கரண்டியை உயர்த்தி, "இன்னும் போடவா?" என்றான். செல்மர் மரியாதையாக "வேண்டாம்" என்றான். கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை கேட்பான் என்று செல்மர் தட்டோடு அங்கேயே நின்றான். அந்த வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து, அதற்கடுத்த வாரம்தான் தட்டை நீட்டப் பழகினான். ஆனால் இராணுவம் அவனுக்கு உருளைக்கிழங்கு விஷயத்தில் மட்டும்தான் புத்தி சொல்லிக் கொடுத்தது. மற்றதிலெல்லாம் போனபடியே திரும்பி வந்தான்.

போர் முடிந்ததும் அரசாங்கச் செலவில் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தான். அந்தக் காலத்தில் எல்ம்டால் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் மாணவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பாதிப் பேர் டாங்கி ஓட்டியவர்கள், பாலம் கட்டியவர்கள். இரண்டு பேர் பயிற்சி முடிந்ததும் குழந்தைக்குப் பால் புட்டி கழுவ ஓடுவார்கள். செல்மர் நடுவில் குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவன். கொடுத்த கையோடு எதிரே வருகிறவனை மண்ணில் உருட்டுவதும் அவன் வேலைதான். நாற்பத்தேழாம் வருடம் அவனைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறை மறுத்தான். மூன்றாவது முறை, "சரி, வேற யாரும் கிடைக்கலைன்னா" என்றான்.

அந்த வருடம்தான் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வின்னி டாபின் அவன் மேசைக்கு வந்து சேர்ந்தாள். தூரத்துக் கிழக்குக் கரையில் இருக்கும் நியூவர்க் நகரத்துக் கசாப்புக் கடைக்காரர் மகள். போர்க்காலத்தில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, அவளும் அரசாங்கச் செலவில்தான் படிக்க வந்திருந்தாள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். முதல் நாளே செல்மரின் குடுவையைப் பார்த்து, "இதக் கழுவி எத்தன வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள். செல்மர் அன்றே விழுந்தான். களத்தில் யாராலும் சாய்க்க முடியாத ஆள்.

அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அக்டோபரில் ஒருநாள் குடுவையைத் துடைத்துக்கொண்டே, "கிறிஸ்துமஸுக்கு எங்க ஊருக்கு வர்றியா? எங்கப்பா உன்னப் பாக்கணும்ங்கறார்" என்றாள்.

செல்மருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அந்த மகிழ்ச்சியில் அம்மா வளர்த்த வளர்ப்பு முந்திக்கொண்டது.

"ஐயோ வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சரி," என்றாள் வின்னி. துடைத்த குடுவையை வைத்தாள். மறுவாரம் வேறு மேசைக்கு மாறிக்கொண்டாள்.

செல்மர் இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தான். ஆய்வுக்கூடத்தில், நூலகப் படிக்கட்டில், தேவாலய வாசலில் அவள் எதிரே வரும்படி நின்று பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கடைசியில் அவன் காதுக்கு வந்த சேதி இதுதான்: வின்னி கிறிஸ்துமஸோடு எல்ம்டாலை விட்டு, தன் ஊர்ப் பக்கமே ஒரு கல்லூரிக்கு மாறிப் போகிறாளாம்.

அணியில் பந்தை எறிகிறவனும் அவனுடைய அறைத்தோழனுமான கிளிஃப் மோ சொன்னான், "போய் நேராக் கேட்டுத் தொலையேன்டா."

"என்னன்னு கேக்கறது? என்ன மறுபடி கூப்பிடுன்னா? அசிங்கமா இருக்காது?"

கிளிஃபும் எல்ம்டால்காரன்தான். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அசிங்கம்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

உள்ளே இப்படி வெந்துகொண்டிருந்த ஆள் களத்தில் எருமை மாதிரி முட்டித் தள்ளினான். கான்ஃபரன்ஸ் என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு தங்களுக்குள் போட்டி நடத்திய சின்னக் கல்லூரிகளுக்கு நடுவே எல்ம்டால் வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்தது. மழையில் ஒன்று, சோளக்காட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒன்று, பேருந்து பஞ்சராகிப் பாதி வழி நடந்துபோய் ஆடியது ஒன்று. கோச் ஹால்வர் ஸ்டென் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பையன்களைச் சுற்றி நிற்கவைத்து, "மோசமில்ல" என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

அதுவரை எல்லா ஆட்டத்துக்கும் நடுவர் டோலெஃப்சன்தான். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். வின்னி தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான். ஃபுட்பாலில் எதிரணி தப்புச் செய்தால் நடுவர் நம் கேப்டனிடம் வந்து கேட்க வேண்டும்: தண்டனையாகக் கிடைக்கும் தூரத்தை எடுத்துக்கொள்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்று. டோலெஃப்சன் கேட்பார். செல்மர், "பரவாயில்ல, விடுங்க" என்பான். "அட, வாங்கிக்கப்பா" என்பார் அவர். "எதுக்குங்க, இருக்கட்டும்" என்பான். "சும்மா வாங்கிக்க, அவங்க தப்புதான" என்று மூன்றாம் முறை சொன்னதும், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்வான். பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் இதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை.

கடைசி ஆட்டம் சொந்த மண்ணில் நடந்தது. ஜெயிக்கிறவர்களுக்குத்தான் அந்த வருடத்துச் சாம்பியன் பட்டம். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு ஹார்டுவேர்காரர் போதாது என்று வெளி மாநிலத்து ஒமாஹா நகரத்திலிருந்து ஒரு நடுவரை வரவழைத்தார்கள். அவர் சட்டையில் மடிப்பு கலையவில்லை. பேச்சிலும் வளவளப்பு இல்லை. டோலெஃப்சன் வேலியோரம் நின்று பார்த்தார். பக்கத்தில் செல்மரின் அம்மா குட்ருன், கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்காரம்மா இழுத்து வந்ததால் வின்னியும் ஓரமாக நின்றாள். மைதானத்தைப் பார்க்கக் கூடாது என்று வந்தவள், செல்மரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எல்ம்டால் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து எதிராளியின் எல்லைக்கு வெகு அருகில். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். இது நான்காவது முயற்சி, இன்னும் நான்கு கெஜம் பாக்கி. செல்மர் பந்தைக் கொடுத்தான், கிளிஃப் எறிந்தான், பிடிக்க வேண்டியவனின் விரலில் பட்டுப் பந்து புல்லில் விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. ஆனால் அதற்குள் நடுவரின் விசில் அலறியது. எதிரணிக்காரன் ஒருவன் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டி முன்னால் வந்திருக்கிறான். எல்ம்டாலுக்கு ஐந்து கெஜம் தண்டனைத் தூரம், அதோடு புதிதாக நான்கு முயற்சிகள். பட்டம் கைக்கெட்டிய தூரத்தில் வந்து நின்றது.

ஒமாஹாக்காரர் செல்மரிடம் வந்தார். "அஞ்சு கெஜம். எடுத்துக்கறீங்களா?"

செல்மர் மூச்சிரைக்க நிமிர்ந்தான். வேலியோரத்தில் அம்மா நிற்பது தெரிந்தது.

"பரவாயில்லங்க, வேண்டாம்," என்றான்.

நடுவர் ஒரு நொடி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கையை வீசினார். புல்லில் விழுந்த அந்த நான்காவது முயற்சியே கணக்கில் நின்றது, பந்து எதிரணிக்குப் போயிற்று.

"இன்னொரு வாட்டி கேளுய்யா!" என்று வேலியோரத்திலிருந்து டோலெஃப்சன் கத்தினார். கேப்டன் ஒருமுறை சொன்ன பதிலை மாற்ற விதியில் இடமில்லை. செல்மர் நின்ற இடத்திலேயே நின்றான். எதிரணி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தியது, ஆட்டம் முடிந்தது.

கோச் ஸ்டென் செல்மரின் தோளில் தட்டினார். "இதவிட மோசமா நடந்திருக்கலாம்," என்றார். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்தால் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இரு அணிக்கும் நடுவருக்கும் காபியும் கேக்கும் உண்டு. தோற்றாலும் உண்டு. குட்ருன் கேக் தட்டோடு ஒமாஹாக்காரர் முன்னால் போய் நின்று, "ஒரு துண்டு எடுத்துக்கறீங்களா?" என்றாள்.

"குடுங்க. ஓரத்துத் துண்டு, பெருசா."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கையிலிருந்த கரண்டியை நழுவவிட்டாள். அவர் எதையும் கவனிக்காமல் மென்றபடியே கேட்டார், "ஆமா, உங்க கேப்டன் ஏன் அந்த அஞ்சு கெஜத்த வேண்டாம்னாரு? இத்தன வருஷத்துல இப்படி ஒருத்தர நான் பார்த்ததில்ல."

"நீங்க ஒரு வாட்டிதான கேட்டீங்க?" என்றார் டோலெஃப்சன்.

"ஒரு வாட்டிதான் கேக்கணும்."

"முதல் வாட்டியே அவன் எப்படிங்க வாங்குவான்? பெத்தவ பாத்துட்டு நிக்கறா. ஊரே நிக்குது!"

எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டம் போன வருத்தம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் செல்மரைக் குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அவன் இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மூலையில் ஒரு கப் ணங்கென்று மேசையில் உட்கார்ந்தது. வின்னி எழுந்து நின்றாள். அவள் இத்தனை நாளும் டோலெஃப்சன் வீட்டில் எது கொடுத்தாலும் முதல் தடவையே சரி என்று வாங்கிச் சாப்பிட்டவள். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வாய்ப்பே வந்ததில்லை.

"எத்தன வாட்டி கேக்கணும்?" என்றாள்.

"மூணு," என்றாள் குட்ருன்.

"காபிக்கு மட்டுமா? இல்ல, எல்லாத்துக்குமா? ஒருத்தர வீட்டுக்குக் கூப்பிட்டா?"

"அதுக்கெல்லாம் நாலு வாட்டி கேட்டாக்கூடத் தப்பில்லம்மா."

வின்னி மேல்கோட்டைக்கூட எடுக்கவில்லை. படிகளில் ஏறி ஓடினாள்.

செல்மர் உடைமாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து, காலணியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். விடைபெற வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

"செல்மர். கிறிஸ்துமஸுக்கு என்கூட நியூவர்க்குக்கு..."

"வரேன்."

அவள் மூன்று விரலை மடக்கத் தயாராகக் கையைத் தூக்கியபடி நின்றாள். அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. இராணுவத்து உருளைக்கிழங்கைத் தவிர, பிறந்ததிலிருந்து எதற்கும் முதல் தடவையில் சரி சொல்லாதவன்.

"இருடா. மூணு வாட்டி கேக்கணுமாமே. நான் இன்னும் ஒரு வாட்டியே கேட்டு முடிக்கல."

"நீ அக்டோபர்ல கேட்ட. அப்புறம் கேக்கவே இல்ல. நான் எவ்வளவு நாள் காத்திருக்கறது? ஆட்டம் போச்சு, பட்டம் போச்சு, அதெல்லாம் போகட்டும். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

வின்னிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். "லூசு. ஒரு வார்த்த வாயத் திறந்து சொன்னா என்ன? கல்லூரிய விட்டுப் போறேன்னு ஆபீஸ்ல எழுதியே குடுத்துட்டேன். இப்ப திருப்பிக் கேட்டா விடுவாங்களா?"

"மூணு வாட்டி கேளு," என்றான் செல்மர்.

சேதி கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குட்ருன் தலையில் கைவைத்துக்கொண்டாள். மகன் அந்நிய ஊருக்குப் போகிறான் என்பதற்காக அல்ல. "முதல் வாட்டியேவா சரின்னுட்டான்? அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி என்ன நெனப்பா!"

நியூவர்க்கில் வின்னியின் அப்பா வால்டர் டாபின் ஆட்டுக்கால் சூப்பும் உருளைக்கிழங்கும் வைத்துத் தடபுடலாக விருந்து போட்டார். செல்மர் அங்கே ஒருதடவைதான் கேட்பார்கள் என்று பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். எதைக் காட்டினாலும் உடனே தட்டை நீட்டினான். பையனுக்கு வீட்டில் சாப்பாடு போடுவதில்லை போலிருக்கிறது என்று டாபின் மகளிடம் கிசுகிசுத்தார். சாப்பாடு முடிந்ததும் செல்மர் கையைத் துடைத்துக்கொண்டு, வின்னியைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டான்.

"முடியாது," என்றார் டாபின். "அவ்வளவு தூரத்துல, அந்தப் பனிக்குள்ள எம்பொண்ண அனுப்ப மாட்டேன்."

வின்னிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா முடியாது என்றால் அது முடியாதுதான், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். செல்மரோ சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை கடையில் பாதி மாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டான்.

"நேத்தே சொன்னேனே, காதுல விழலயா?"

"விழுந்துச்சுங்க," என்றான் செல்மர் மலர்ந்த முகத்தோடு.

சாயங்காலம் கடையைக் கழுவிவிடும்போது மூன்றாவது தடவை கேட்டான். டாபின் துடைப்பத்தைக் கீழே வைத்தார். இந்தத் தலைதெறித்த பிடிவாதத்தை அவர் தன் மகளிடம் மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. "உன்னோட மாரடிக்க என்னால ஆகாதுப்பா. கூட்டிட்டுப் போ. ஆனா பனிக்காலத்துக்கு நல்ல கோட்டு வாங்கிக் குடு."

தெருவுக்கு வந்ததும் வின்னி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா முடியாதுன்னாரே, உனக்குப் பயமே வரலயா?"

"எதுக்குப் பயம்?" என்றான் செல்மர். "அது முதல் வாட்டிதான."