ஏழாம் நம்பர் பலகை

ஜங்லிகாட்டில் குடை ரிப்பேர் என்றால் குழந்தைவேலுதான். எட்டு மாதம் மழை பெய்கிற தீவில் அந்தத் தொழிலுக்குச் சாவு கிடையாது. பதினோரு வருஷமாக ஒரே வாடகைக் கடை. ஏழு படாக் மரப் பலகைகள்தான் கதவு. ஒவ்வொன்றிலும் தாரில் எழுதிய எண். ஒன்றிலிருந்து வரிசையாக மாட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் ஏழாம் பலகை, அதில் பூட்டு.

அறுபத்தெட்டாம் வருஷம் கடைச் சொந்தக்காரர் சொக்கலிங்கம் வந்து நின்றார்.

“அண்ணே, கூரைத் தகரம் இத்துப்போச்சு. இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டப்போறேன். ஒரு வருஷம் பொறுத்துக்குங்க, அதே இடத்துல உங்களுக்குக் கடை.”

“ஒரு கடுதாசில எழுதிக் குடுத்துருங்களேன்.”

“நமக்குள்ள என்னண்ணே கடுதாசி? ஒரே கப்பல்ல வந்தவங்க. வாந்தியெடுத்தப்போ என் தலையைப் புடிச்சவரு நீங்க. வேணும்னா பலகையைக் கழட்டிட்டுப் போய் வெச்சுக்குங்க. கதவு உங்க கையில இருந்தா கடை யாருது?”

ஒரே கப்பலில் வந்தவன் என்றால் இந்தத் தீவில் பாதி உறவு. குழந்தைவேலு அன்றைக்கே பலகைகளைக் கைவண்டியில் ஏற்றி, ஹேடோவில் தான் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினார்.

“எனக்குப் பாய் விரிக்க இடமில்ல, உங்க கதவுக்கு இடமிருக்கு” என்றாள் மனைவி ருக்கு.

கட்டி முடிக்க இரண்டு வருஷமானது. அதுவரை சாக்கை விரித்து ரோட்டோரம் குடை தைத்தார். கடைசியில் போய்ப் பார்த்தால் புதுக் கட்டடத்தில் இரும்பு ஷட்டர். அவர் இடத்தில் துணிக்கடை.

“மெயின்லேண்ட்லருந்து சிமெண்டு வர்றதுக்குள்ள பாதி உசுரு போயிருச்சண்ணே. கடன் நெருக்குச்சு. அவன் முன்பணம் குடுத்தான்” என்றார் சொக்கலிங்கம், ஷட்டரைப் பார்த்துக்கொண்டே.

குழந்தைவேலு கேஸ் போட்டார். வக்கீல் வங்காளி. முதல் கேள்வியே “காகஜ் ஹை?” என்பதுதான்.

“காகிதம் இல்ல சாப். கதவு இருக்கு.”

வாய்தா வாய்தாவாக மூன்று வருஷம் போனது. சாட்சி சொல்லும் நாளன்று ஏழாம் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குப் போனார். அதைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் முகம் மலர்ந்தது.

“இதைக் கழற்றியது யார்?”

“நான்தான் சாப். ஆனா அவரு…”

“கழற்றியது நீங்கள்தானே?”

“ஆமா.”

அந்த ஆமா மட்டும் பதிவானது. கதவையே பெயர்த்துக்கொண்டு போனவருக்குத் திரும்பிவரும் எண்ணம் ஏது, தாமாகவே காலி செய்துவிட்டார் என்றார் அந்த வக்கீல். சொக்கலிங்கமும் கூண்டேறி, “அவராத்தான் கழட்டினாரு” என்றார். அதில் பொய் இல்லை.

தீர்ப்பு அப்படியே வந்தது. மேல்கோர்ட்டு கல்கத்தாவில். கப்பலேறிப் போய் வக்கீல் வைத்து வாதாட, குடைக்கம்பி முடுக்குகிறவரால் ஆகிற காரியமா? பலகையைத் திருப்பிக் கேட்டதற்கு, அது கோர்ட்டுச் சாமான், மனுப்போடு என்றார் குமாஸ்தா.

வீட்டில் ஆறு பலகைகள் நின்றன. ருக்கு அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கால் வெச்சு ஒரு கட்டிலாவது அடிக்கலாங்க. தரை ஓதம் முதுகைப் புடிக்குது.”

“கேஸ் முடியட்டும் ருக்கு.”

“முடிஞ்சிருச்சுங்க” என்றாள் அவள்.

அவர் தையல் விட்ட குடை ஒன்றை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.