பெரிய துப்பாக்கிக்காரர் எம்ப்ரிக்

எங்கள் பள்ளத்தாக்கில் புதிதாகத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் நேரே கடைக்குப் போவதில்லை. முதலில் எம்ப்ரிக்கிடம் போவார்கள். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டியும் கோடையில் சாலையைச் சமன்செய்யும் வண்டியும் ஓட்டுவதுதான் அந்த மனிதருக்குப் பிழைப்பு. ஆனால் பெட்ரோல் பங்க் காபி மேசையில் உட்கார்ந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். எந்தக் குண்டு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும், பக்கக் காற்று அதை எவ்வளவு தள்ளும், மூஸ் என்கிற பெரிய காட்டுமானுக்கு எந்தக் காலிபர் குழல், பனிமானுக்கு எந்தக் காலிபர் என்று காபி ஆறுவதுகூடத் தெரியாமல் வாய் கிழியப் பேசுவார். கேட்கிறவர்களும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார்கள். சொல்வதில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும். அதுதான் வம்பே.

ஒரு காலத்தில் அவரிடமும் மற்ற எல்லாரையும் போல ஆறரைதான் இருந்தது. ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடும் துப்பாக்கி. எங்கள் ஊரில் பாதி வீட்டு இரும்புப் பெட்டிக்குள் அதுதான் பூட்டிக் கிடக்கிறது. சுடும்போது தோளில் உதைப்பது குறைவு, குறி தப்பாது, பனிமானுக்குத் தாராளமாகப் போதும். ஐம்பது வயதைத் தாண்டியதும் மனிதருக்கு ஒரு ஜம்பம் பிடித்துக்கொண்டது. ஆறரையை விற்றுவிட்டு அதைவிடப் பெரிய குண்டு போட்டுப் பலமாக உதைக்கும் முந்நூறு மேக்னம் ஒன்றும், தூரத்துக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள மேலே திருகு வைத்த பெரிய தொலைநோக்கி ஒன்றும் வாங்கிவந்தார். மலைக்கு மேலே மரமில்லாத மேல்வெளியில் மறைவு கிடையாது, பனிமான் கிட்டே நெருங்க விடாது, அங்கே தூரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற துப்பாக்கிதான் துப்பாக்கி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தவழ்ந்து கிட்டே போவதற்குக் காசு ஆகாது என்று அவர் மனைவி குன்வோர் மட்டும் சொன்னாள். அவளும் வேட்டைக்காரிதான். ஆனால் அவள் பேச்சை யார் கேட்டார்கள்!

முதல் இலையுதிர்காலத்திலேயே அந்தத் துப்பாக்கி அவருக்குப் பாடம் கற்பித்தது. சரிவில் படுத்துக்கொண்டு மேல்நோக்கிச் சுட்டபோது பின்னுதையில் தொலைநோக்கியின் விளிம்பு வந்து புருவத்தைக் கிழித்துவிட்டது. கண்ணெல்லாம் ரத்தம். மான் தன்பாட்டில் மேய்ந்துகொண்டே மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. ஊரில் கேட்டவர்களிடம் பனிவண்டிக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியின் விசையில் விரல் வைத்தாலே போதும், வெடிப்பதற்கு முன்பே அவர் கண்கள் இறுக மூடிக்கொள்ளும், தோள் முன்னால் குத்தும், குழல் முனை கீழே போகும். நிறுத்தவேண்டும் என்று நினைக்க நினைக்க இன்னும் மோசமாகியது.

இதை மனைவியைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. வேட்டையில் மான் எதிர்ப்பட்டால், "நீ சுடு, நான் நிறையச் சுட்டாச்சு" என்று பக்கத்திலிருப்பவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். மூன்று வருடம் இப்படியே ஓட்டினார். பாருங்கள் கூத்தை, எம்ப்ரிக்கைப் போல பெருந்தன்மையான ஆள் கிடையாது என்று ஊரில் பேர் வந்துவிட்டது! ஆண்டுதோறும் வேட்டைக்கு முன்னால் எல்லாரும் சுட்டுக் காட்டித் தேறவேண்டிய தேர்வு இருக்கிறதே, அதற்கு மட்டும் மலையைத் தாண்டிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போவார். குன்வோரின் தங்கை அங்கே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கே போய்க் குன்வோரின் ஆறரையை வாங்கிச் சுடுவார். உதை குறைவு என்பதால் அதில் மட்டும் கண் மூடாது. ஐந்து குண்டும் வட்டத்துக்குள் அழகாக விழும். தேறிய அட்டையோடு திரும்பி வருகிற வழியில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை மட்டும் குன்வோர், "உனக்கு வெக்கமாவே இல்லையா?" என்று கேட்டாள். இருந்தது. அதனால்தான் அவர் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

இப்படி இருக்கும்போதுதான் சிக்னே வந்தாள். முதியோர் இல்லத்தில் செவிலி. நாற்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு. அவள் அப்பா இறந்தபின் வேட்டைக் குழுவில் அவருடைய இடம் இவளுக்கு வந்திருந்தது. அப்பாவின் ஆறரையும் வந்திருந்தது. பெட்ரோல் பங்குக்கு வந்து, இது போதுமா என்று எம்ப்ரிக்கிடம் நேராகக் கேட்டாள்.

போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறரை போதும் என்றால், அப்புறம் நீர் எதற்கய்யா பீரங்கி தூக்கிக்கொண்டு அலைகிறீர் என்று ஒருவன் கேட்டுவிடுவான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, பள்ளத்தாக்குக்குள் அது பரவாயில்லை, மேல்வெளிக் காற்றுக்குக் காணாது, முந்நூறு மேக்னம்தான் சரி என்று சொல்லிவிட்டார். அவள் அப்பாவின் துப்பாக்கியைக் கடையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னதையே வாங்கிக்கொண்டாள். நம்பினாள், வேறென்ன!

ஆகஸ்ட் கடைசியில் வேட்டை. குழுவின் தலைவர் ஹல்கிரிம், முதல் தடவை வருகிறவள் என்று சிக்னேயை எம்ப்ரிக்கோடு அனுப்பினார். மேல்வெளியில் ஓடைக்கு அந்தக் கரையில் சிறு மந்தை ஒன்று நின்றது. முந்நூறு மீட்டர் இருக்கும். காற்று பக்கவாட்டில் வீசியது. ஓடைப் பள்ளத்தில் இறங்கித் தவழ்ந்தால் பாதித் தூரத்தைக் குறைத்திருக்கலாம். சிக்னேவும் அதைத்தான் கிசுகிசுத்தாள். எம்ப்ரிக் அவளுடைய தொலைநோக்கியின் திருகைத் தானே திருப்பிவைத்து, இங்கிருந்தே எட்டும் என்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். அவர் மானைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். வெடிப்பதற்கு முன்பே அவள் கண்கள் இறுக மூடின.

தன்னுடைய நோய்தான் அது என்று அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடைக்கு அப்பால் ஒரு பெட்டைமான் குண்டு பட்ட பின்கால் ஒன்று தொங்க மந்தையோடு ஓட முயன்று, பின்தங்கி, மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைந்தது. சாயங்காலம் வரை தேடினார்கள். மூடுபனி இறங்கிவிட்டதால் திரும்ப வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் ஹல்கிரிமின் நாய்தான் வில்லோப் புதருக்குள் அதைக் கண்டுபிடித்தது. உயிரோடுதான் இருந்தது, தலையைக்கூடத் தூக்கிப் பார்த்தது. ஹல்கிரிம் முடித்துவைத்தார். சிக்னே ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ராத்திரி முழுக்க அது இப்படியே கிடந்திருக்கிறது என்று விம்மி விம்மி அழுதாள். என் கைதான் சரியில்லை என்றாள். முதல் தடவை எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லி எம்ப்ரிக் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று உள்ளுக்குள் தோன்றியது. ஆனாலும் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குளிர்காலம் முழுக்க அவளுக்கு 'மூணுகால் சிக்னே' என்றுதான் பேர். காபி மேசையில் யாராவது அப்படிச் சொல்லிச் சிரிக்கும்போது எம்ப்ரிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். பனி தள்ளப் போகும்போது அவள் வீட்டு வாசல் வழியை மட்டும் கேட்காமலே ஓரம்வரை சுத்தமாக வழித்துவிட்டு வருவார். அவள் ஜன்னலிலிருந்து கையசைத்து நன்றி சொன்னால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. உண்மையைச் சொல்லாமல் பனி வழித்து என்னய்யா பிரயோசனம்!

ஜூன் மாதம், எங்கள் சுடுதளத்தில் பயிற்சி நடக்கும் ஒரு மாலை. எங்கள் வடக்கில் கோடை மாலை இருட்டாது, வெளிச்சம் குறையவே இல்லை. கிளப் வாசலில் வாஃபிள் பலகாரம் சுடும் வாசனை, காபி, பத்துப் பதினைந்து பேர். சிக்னே பாயில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். வசந்தகாலம் முழுக்க எம்ப்ரிக் பக்கத்திலிருந்து சொல்லித்தரப் பயிற்சி செய்கிறாள், சுடச் சுட மோசமாகிறது. குண்டுகள் குறிபார்க்கும் தட்டியில் எங்கெங்கோ விழுந்தன. ஹல்கிரிம் அவளிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா போடுவதுபோல் போட்டு, பூட்டி, திரும்பக் கொடுத்தார். அவள் குறிவைத்து அழுத்தினாள். உள்ளே தோட்டா இல்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ஆனால் குழல் முனை வெடுக்கென்று கீழே குத்தியதை எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் காது மடல்வரை சிவந்துவிட்டது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, இது துப்பாக்கியின் கோளாறு, உன் உடம்புக்கு இது அதிகம், சின்னதாக ஒன்று வாங்கு என்றார் ஹல்கிரிம்.

சிக்னே எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "துப்பாக்கிமேல பழி போடாதீங்க. எம்ப்ரிக்கும் இதேதான வச்சிருக்காரு? அவருக்கு ஒண்ணும் ஆகலையே. என்கிட்டதான் கோளாறு. இன்னொரு மானை அப்படிக் கிடக்கவிட என்னால முடியாது. அப்பாவோட இடத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றாள்.

எல்லாரும் எம்ப்ரிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் வாஃபிள் இருந்தது. அதை விழுங்கினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? அவர் சொன்னது இது:

"ஆமா, பெரிய காலிபர் எல்லாருக்கும் ஒத்து வராதுதான்."

அந்த வாக்கியத்தைத் தன் காதாலேயே கேட்டார். சிக்னே தலையை ஆட்டிவிட்டு, இவ்வளவு நாள் பொறுமையாகச் சொல்லித்தந்ததற்கு நன்றி என்றாள், உண்மையாகவே சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குன்வோர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து காரை நோக்கி நடந்தாள். எம்ப்ரிக்குக்குப் பனிவண்டிக்குள் ஏறி எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால் போதும் என்றிருந்தது. மான் புதருக்குள் தலையைத் தூக்கிப் பார்த்ததே, அது ஞாபகம் வந்தது. இவள் அதைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகப்போகிறாள். வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் படுத்திருந்த பாயில் படுத்தார். "ஹல்கிரிம், எனக்கும் அதே மாதிரி, தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியாம போட்டுக் குடு" என்றார்.

"உனக்கு எதுக்குய்யா?"

"குடு."

ஹல்கிரிம் சிக்னேயின் துப்பாக்கியை எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறந்து மூடிக் கொடுத்தார். எம்ப்ரிக் குறிவைத்தார். எவ்வளவோ முயன்றார், கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். 'டிக்'. குழல் முனை அவளுடையதைவிட ஆழமாகத் தரையில் குத்தியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. யாரோ ஒருவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். எம்ப்ரிக் பாயில் குப்புறக் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். புருவத்தில் பட்ட அடி, மூன்று வருடம் ஒரு மான்கூடச் சுடாதது, விட்டுக்கொடுத்ததெல்லாம் பெருந்தன்மையே இல்லை, மலைக்கு அந்தப்பக்கம் மனைவியின் ஆறரையால் சுட்டுத் தேறிய தேர்வு. அப்பாவின் ஆறரை சிக்னேவுக்குத் தாராளமாகப் போதும் என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். குரல் தரையைப் பார்த்தே வந்தது.

சிக்னே கேட்டாள்: "போன வருஷம் நான் கண்ணை மூடினதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஏன்னு தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் முதுகைத் தட்டிக் குடுத்தீங்க."

அவள் அழவில்லை. பிறகு ஹல்கிரிம் பக்கம் திரும்பி, நிதானமாகப் பேசினாள்.

"என் இடத்தை யாருக்கும் குடுக்காதீங்க, நானே வர்றேன். நாளைக்கே போய் ஆறரை ஒண்ணு வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, இவர் பக்கத்துல மட்டும் என்னைப் படுக்க வைக்காதீங்க."

சரி என்றார் ஹல்கிரிம். அவள் குனிந்து, எம்ப்ரிக்கின் கையிலிருந்து தன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். அவர் அதை விடவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.