கன்றின் மூக்கு உயரத்தில் ஒரு ஸ்டூல்

லாரியின் பின்கதவைத் திறக்கும் முன்பே இருமல் கேட்டது. வெளிமாநிலச் சந்தையிலிருந்து மழையில் நின்றபடி வந்த எருமைக் கன்றுகள். கொழுக்க வைத்துக் கறிக்கு அனுப்புவதற்காக, முதலியார்பேட்டைக்கு அப்பால் கொட்டகை போட்டிருந்த சவரிநாதன் வாங்கியவை. பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. அரசு கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய கொட்டகை அவருடையதுதான்.

"டாக்டரம்மா, எல்லாத்துக்கும் ஒரு ஆன்டிபயாடிக் போட்டுடுங்க. அப்பறம் தெனமும் தீவனத்துல அதே மருந்துப் பவுடர் கலந்துடலாம். சளி கிளி அண்டாது."

"காய்ச்சல் இருக்கறதுக்கு மட்டும்தான் போடுவேன்."

"முன்ன இருந்த டாக்டரு மறுபேச்சு பேசாம போட்டாரு."

"அப்ப அவரயே கூப்புடுங்க."

முன்கூட்டி மருந்தே போடக்கூடாது என்பவள் இல்லை நான். லோடில் பெரும்பாலானவை விழப்போகின்றன என்று தெரிந்தால் மொத்தத்துக்கும் நானே போட்டிருக்கிறேன். இங்கே ஒவ்வொன்றுக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலுக்குத்தான் காய்ச்சல். கொட்டகையோ சுற்றிலும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே மூத்திர நெடி. இதற்குள் அடைத்துவிட்டு மருந்து கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை.

மூலையில் கிடந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஒக்காருங்க முசே."

"இன்னாத்துக்கு?"

"ஒக்காருங்க, சொல்றேன்."

உட்கார்ந்தார். இப்போது அவர் மூக்கும் கன்றின் மூக்கும் ஒரே உயரம். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் கொட்டியது. இருமிக்கொண்டே எழுந்தார்.

"ஒங்களுக்கும் ஒரு ஊசி போட்டுடவா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிவாளை வாங்கித் தார்ப்பாய்க் கயிறுகளை நானே அறுத்தேன். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் இடுப்பளவுக்குக் கட்டச் சொன்னேன். காய்ந்த வைக்கோல் போடவைத்தேன். காய்ச்சல் கண்ட நாலுக்கும் முழு அளவு ஊசி போட்டேன். அதில் ஒன்று செத்தது.

முசே என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஒங்க பிடிவாதத்தால ஒரு கன்னு போச்சு! எல்லாத்துக்கும் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா? இனிமே எந்தக் கொட்டாய்லயும் ஒங்கள சேக்க மாட்டாங்க, பாத்துக்குங்க!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஊசி போட்ட கன்னுதான், முசே, செத்துது. போடாதது அத்தனையும் நின்னு தின்னுது. போய்ப் பாத்துட்டு வந்து கத்துங்க!"

செத்தது வரும்போதே நுரையீரல் கெட்டு வந்த கன்று. நோய் கண்டதற்குத்தான் ஊசியே போட்டேன்; அதனால் என் வாதம் முழு நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். சண்டையில் அதை எடுத்துக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

முசே சொன்னபடியே செய்தார். வெகுநாள் ஒரு கொட்டகையிலிருந்தும் அழைப்பு வரவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது வலித்தது. ஆனாலும் போய்க் கெஞ்சவில்லை.

அடுத்தடுத்த லோடுகளுக்கு அவர் பவுடர் கலந்தார். தார்ப்பாயையும் பழையபடி கட்டினார். அடுத்த மழைக்காலத்தில் கன்றுகள் வரிசையாகப் படுத்தன. அதே மருந்தை ஊசியாகப் போட்டும் கேட்கவில்லை; தினமும் பவுடரில் கிடைத்ததில் கிருமிகளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு ஆள் அனுப்பினார்.

போனேன். முசே அந்த ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"நான் ஒக்காரணுமா, டாக்டரம்மா?"

"வேணாம். அரிவாள எடுத்துட்டு வாங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வேலை போய்விடுமே என்ற பயத்தில் தேவையில்லாத ஊசியைத் தொடாதீர்கள். எனக்குப் போன வேலை திரும்பி வந்தது. அந்தக் கொட்டகையில் அந்த மருந்து அதன்பிறகு கேட்கவே இல்லை.