எதிர்வீட்டுச் சமையலறை

அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், அவர் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அம்மா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. மறுவாரமே கொழுந்தெடுக்கப் போனார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “தம்பி படிச்சு முடிக்கட்டும்” என்றார். நான் படித்து முடித்தேன். கோலாலம்பூரில் நாற்காலியில் அமர்ந்து வயிறு வளர்த்தேன்.

அங்கே அடுக்குமாடி வீடு வாங்கியதும் அக்கா கேட்டது ஒன்றே: “சமையக்கட்டப் படம் புடிச்சு அனுப்புடா தம்பி, பாக்கலாம்லா.”

எங்கள் சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரர் புதிதாக வெள்ளைப் பளிங்கு மேடை போட்டிருந்தார். பூனைக்குத் தீனி வைக்கச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். என் மனைவியை அங்கே நிறுத்தி நான்கு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் முறைப்பது படத்திலேயே தெரியும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து கோயில்வரை அக்கா அதைக் காட்டாத ஆள் இல்லை.

உறவினர்களே, அது எங்கள் சமையலறை அல்ல.

அக்கா வருகிறேன் என்ற ஒவ்வொரு முறையும், “லிப்ட் ரிப்பேர்க்கா” என்றேன். மூன்று வருடம் எந்த லிப்டும் பழுதாகிக் கிடக்காது. அக்கா அதைத் துருவிக் கேட்கவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகுதான், எங்களோடு வந்து தங்கி வைத்தியம் பார்க்கும்படி கெஞ்சினேன்.

“வேணாம்டா. அவ்ளோ வெள்ளையா வச்சிருக்கீங்க. நான் எண்ணெயச் சிந்தி வைப்பேன். உம் பொண்டாட்டி வாயத் தொறந்து சொல்லமாட்டா, பாவம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா” என்று மட்டும் சொன்னேன். அதை மரியாதைப் பேச்சு என்றே அக்கா எடுத்துக்கொண்டார்.

வாரம் மூன்று நாள், சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடை நெரிசலில் ஊர்ந்து, ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குப் போய் வந்தார். எட்டு மாதம். ஒரு மழைக் காலையில், மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வேன் வந்து நின்றபோது அக்கா எழுந்திருக்கவில்லை.

அந்த வேனை ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கஞ்சி வைத்துக்கொடுத்த அண்ணிக்கும், முறைபோட்டுத் துணைக்குப் படுத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள்.

கோலாலம்பூர் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். இடம் நெருக்கம், பாய் விரித்துப் படுக்கலாம். அடுப்படிச் சுவர் முழுக்க எண்ணெய்க் கறை.