கோணல் கழற்றிய கதவு

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் அந்தக் கூட்டத்தில் 'கோணல்' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். ஆள் ஒன்றும் கோணல் இல்லை, நேராகத்தான் நிற்பார். எதையாவது யோசிக்கும்போது மட்டும் தலையைத் தோளோடு சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். கோழி தானியத்தைப் பார்ப்பது மாதிரி என்பார் அவர் மனைவி. அந்தப் பார்வை வந்துவிட்டால் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது நல்ல வில்லங்கமாக இருக்கும்.

ஒரு தடவை ஒரு வக்கீல் வீட்டில் புத்தக அலமாரி ஒன்று அறைக்குள் போகமாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. நிமிர்த்தினால் வாசலின் மேல்சட்டத்தில் மயிரிழை அளவு இடித்தது, சாய்த்தால் பின்பக்கம் சுவரில் முட்டியது. அலமாரியின் காலை அறுக்கலாம் என்றார் ஒருவர். மேல்சட்டத்தைச் செதுக்கலாம் என்றார் இன்னொருவர். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோணல் தரையில் குந்தி, கோழிப் பார்வை பார்த்தார்.

"மேல இடிக்குதுன்னு எல்லாரும் மேலயே பார்க்கிறீங்க. இடம் கீழதானே இருக்கு."

வாசலில் விரித்திருந்த தடித்த கம்பளத்தைச் சுருட்டிப் போட்டார். அலமாரி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உள்ளே போயிற்று.

வெளியே இந்த மூளைக்கு நல்ல மரியாதை. வீட்டில் அவ்வளவு செல்லுபடி ஆகாது. சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகி உயிரை எடுத்தபோது, குழாயைப் பழுது பார்ப்பதற்குப் பதில் அதன் வாயில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் விட்டார் கோணல். தண்ணீர் நூல் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கியது. "சத்தம்தானே உனக்குப் பிரச்சினை?" என்றார். "ஒழுகுறதுதாங்க பிரச்சினை! நேரா ஒரு வேலை செய்யத் தெரியுதா உங்களுக்கு?" என்றார் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைக் கோணல் பார்த்துவிட்டார். அந்த நூல் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

மனைவியை ஊரே 'பட்டனக்கா' என்று கூப்பிடும். தையல் சாமான் கடையில் பட்டனும் நூலும் விற்கிற பக்கத்தில் காலமெல்லாம் நின்றவர். துணியைக் காட்டினால் போதும், திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு அதே நிறத்து நூலை எடுத்துவிடுவார். பட்டன் வாங்க வந்தவர்கள் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பட்டனக்காவுக்குப் பேச்சுதான் மூச்சு. கோணலோ வீட்டில் வாயைத் திறக்காத ஜாதி. இரண்டு பேருக்கும் சேர்த்து பட்டனக்காவே பேசிவிடுவார், கணக்கு சரியாக இருந்தது.

இப்படி இருந்த பட்டனக்கா ஒரு மழைநாளில் கடைவாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து மூன்றாம் மாடி வீட்டில் விட்டார்கள். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கலாம், படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாரங்கள் மாதங்கள் ஆயின. உள்ளறைக் கட்டிலில் படுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் பட்டனக்கா. முதலில் பேச்சு குறைந்தது. அப்புறம் சாப்பாடு குறைந்தது. மாடியேறி வந்து பார்த்தவர்களும் "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

கோணலுக்கு நெஞ்சு பதறியது. பதறினால் மனிதன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான். அவருக்குத் தெரிந்தது சாமான் இறக்குவது.

அந்தத் தொழிலில் மாடிப்படிக்கு என்று ஒரு முறை உண்டு. சுமை தூக்குகிறவர்களுக்குச் சுமையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அதனால் ஒருவர் சுமக்காமல், வழியைப் பார்த்துக் குரல் மட்டும் கொடுப்பார். 'இடது', 'தாழ்த்து', 'மூலை', 'நில்லு'. முதலாளியாக இருந்தாலும் மாமனாராக இருந்தாலும் படியில் நீங்க வாங்க கிடையாது. மரியாதை சொல்லி முடிப்பதற்குள் பீரோ காலில் விழுந்துவிடும்.

ஒரு நாள் காலை கோணல் 'தாடி' என்கிற தன் கூட்டாளியையும், குரல் கொடுக்க இன்னொருவரையும் கூட்டி வந்தார். பட்டனக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடிபடக்கூடாதே என்று லாரிப் போர்வையைச் சுற்றி, பட்டை போட்டு இறுக்கி, அலமாரியை இறக்குவது போலவே முதுகு முன்னால் போக இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். குரல் கொடுத்த புண்ணியவான், பல வருஷப் பழக்கத்தில், கட்டடமே கேட்கும்படி கத்தினான்: "உடையுற சாமான்! பார்த்து! பார்த்து!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. பட்டனக்கா சிரிக்கவில்லை. தெருவில் கொஞ்ச நேரம்கூட இருக்காமல், "மேல கொண்டு போங்க" என்றார். கட்டிலில் படுத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "இனிமே என்னைத் தூக்காதீங்க."

கோணல் கூடத்தில் போய் உட்கார்ந்தார். தன்மேலேயே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் வீட்டுக் கண்ணாடியைக் கீறல் விழாமல் இறக்கியிருக்கிறார்! சொந்தப் பெண்டாட்டியை இறக்கத் தெரியவில்லை.

பட்டனக்காவின் தங்கை தூரத்து ஊரிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, எங்க வீடு தரையோட தரையா இருக்கு. தோட்டம் இருக்கு. அக்கா இங்கயே இருக்கட்டும். நீங்க வேலை இல்லாதப்ப வந்து பாருங்க. அடுத்த வார ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன்." அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் தனக்கு வேலை கிடைக்காது, இங்கே தனியாகத்தான் கிடக்க வேண்டும் என்று கோணலுக்குத் தெரியும். போனை மனைவியிடம் கொடுத்தார்.

"என்னக்கா சொல்றே?"

"எங்க கொண்டு போய்ப் போட்டாலும் சரிதான்டி" என்றார் பட்டனக்கா.

போடுவதாம். சாமானைத்தானே போடுவார்கள்? அந்த ஒரு வார்த்தை கோணலை அறுத்தது.

மறுநாள் மனைவி குளிக்கப் போயிருந்தபோது கோணல் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். ஒரு சாமான் சிக்கிக்கொண்டால் அது நிற்கிற இடத்தில் தான் போய் நின்று பார்ப்பது அவர் வழக்கம். மேலே விட்டம், பக்கத்தில் சுவர். பார்க்க ஒன்றுமே இல்லை. கண்ணை மூடினார். அப்போதுதான் காது வேலை செய்தது. வெளியே யாரோ படியேறி வந்தார்கள். கோணல் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் காலடி நின்றது. மூச்சு வாங்கும் சத்தம், பை தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு மேலே ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். அவரும் அங்கேதான் நின்றார்.

கோணல் எழுந்து உட்கார்ந்தார். ஆமாம், எந்தக் கட்டடத்திலும் மூன்றாம் மாடியில்தானே ஆள் நிற்பான்! அங்கேதானே தானும் தாடியும் எல்லாச் சுமையையும் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள்! மேலே இன்னும் இரண்டு மாடிகள். அத்தனை சனமும் தினமும் தன் வீட்டு வாசலில் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் போகிறது, நடுவில் ஒரு கதவு. இவளை எப்படித் தெருவுக்கு இறக்குவது என்றே இத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாரே, தெரு தானாகவே மாடியேறி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. தலை தானாகத் தோளில் சாய்ந்தது.

கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது உள்பக்கம் திறக்கிற கதவு. திறந்தால் ஒடுக்கமான கூடத்தின் பாதியை அடைத்துக்கொள்ளும், அங்கே ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது. அதுவும் போக, திறந்திருக்கும் கதவை 'சாத்துங்க' என்று சொல்ல முடியும். இல்லாத கதவை யார் சாத்துவது?

மறுநாள் காலை கீலில் இருந்த ஆணிகளைத் தட்டி எடுத்து, கதவைத் தூக்கி உள்ளறைச் சுவரில் சாய்த்தார் கோணல். கதவு இருந்த இடத்தில் மனைவியின் சாய்வு நாற்காலியைப் போட்டார். வெளியே படியோரம், வழியை மறைக்காமல், ஒரு சின்ன பெஞ்சு. லாரியில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போனது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்த பட்டனக்கா அப்படியே நின்றுவிட்டார். "கதவு எங்கங்க?"

"கீல்ல சத்தம் வருது. பழுது பார்க்கணும்."

"சத்தம் வந்தா எண்ணெய் விடுங்க! கதவையேவா கழட்டுவாங்க? இது வீடா, பஸ் ஸ்டாண்டா? ஊர்ல ஒருத்தன் இப்படிப் பண்ணுவானா? உங்களைக் கட்டிக்கிட்டு நான்..."

மாதக்கணக்கில் வாயே திறக்காதவர் மூச்சு விடாமல் திட்டினார். கோணலுக்குக் காதில் தேன் பாய்ந்தது. தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரவு வந்து கதவை மாட்டினார். காலையில் மறுபடியும் கழற்றினார். 'இன்னும் சரியாகலை' என்பதே தினமும் பதில்.

முதல் இரண்டு நாள் பட்டனக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஐந்தாம் மாடிப் பாட்டு டீச்சர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவள் போட்டிருந்த பச்சைக் கோட்டில் ஒரு பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடியது. பட்டனக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை.

"டீச்சரம்மா, அந்தப் பட்டன் இன்னிக்கு விழுந்துடும். கோட்டைக் கழட்டு. அந்த அலமாரியில என் தகர டப்பா இருக்கும், எடு."

அவ்வளவுதான், கடை திறந்துவிட்டது. நான்காம் மாடி நர்ஸ் ஜிப் போன பையைக் கொண்டுவந்தாள். சட்டைக் கைக்கு, தலையணை உறைக்கு, ஒன்றும் கிழியாதவர்கள் சும்மா பேச்சுக்கு என்று ஆள் வந்தார்கள். கீழ் மாடிக்காரர்கள்கூட வேலை மெனக்கெட்டு ஏறி வந்தார்கள். கோணல் சாயங்காலம் வீடு திரும்பினால் தன் வீட்டுக்குள் நுழையவே வழி கேட்க வேண்டியிருந்தது. பட்டனக்காவின் தட்டில் வைத்தது காலியாகியிருந்தது. நர்ஸுக்கும் அவள் மாமியாருக்கும் என்ன தகராறு என்று சாப்பிடும்போதே முழுக்கதையும் வந்தது. கோணல் 'ம்' கொட்டினார். எத்தனை நாளாயிற்று 'ம்' கொட்டி!

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி தங்கை வந்துவிட்டாள். போகாதே என்று மட்டும் சொல்லக்கூடாது என்று கோணல் தீர்மானித்திருந்தார். பிறத்தியார் எடுக்கிற முடிவெல்லாம் தன்னைத் தூக்கி ஒரு இடத்தில் வைப்பது போலத்தான் என்று பட்டனக்கா நினைத்திருந்தார். இந்த முடிவாவது அவருடையதாக இருக்கட்டும். தாடியை மட்டும் கோணல் வரச் சொல்லியிருந்தார், போவதாக இருந்தால் இறக்க ஆள் வேண்டுமே.

தங்கை மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு வந்தாள், எல்லாரையும் போலவே நின்றாள். பெஞ்சில் டீச்சரும் நர்ஸும். நடுவில் அக்கா, வாயில் ஊசி, மடியில் டப்பா.

"என்னக்கா இது? வாசல்ல கதவைக் காணோம்!"

"வா வா, உக்காரு. நர்ஸம்மா, கொஞ்சம் தள்ளிக்க."

"துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா? கிளம்பலாமா?"

பட்டனக்கா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். கணவரைப் பார்த்தார். கோணல் சுவரைப் பார்த்தார், அதில் என்னவோ எழுதியிருப்பது போல.

"கிளம்பலாம்டி" என்றார் பட்டனக்கா. கோணல் தாடியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா கடை வரைக்கும்தான். டீச்சர் கோட்டுல இன்னொரு பட்டனும் தொலைஞ்சு போச்சு. அந்தப் பச்சைப் பட்டன் கடையில கீழ் டிராயர்ல ஒரு மூலையில கிடக்கு. புதுசா வந்த பொண்ணுக்கு எடுக்கத் தெரியாது, நானே போகணும். உன் வீட்டுக்கு அப்புறம் ஒரு நாள் விருந்துக்கு வர்றேன். இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு."

பிறகு கணவரிடம் திரும்பினார். "என்னங்க, நாற்காலியை எடுங்க. இடுப்புக்குப் பட்டை மட்டும் போதும், போர்வை கீர்வை எல்லாம் வேணாம். நான் முன்பக்கம் பார்த்துத்தான் உக்காருவேன். குரல் நான்தான் கொடுப்பேன். சம்மதம்னா தூக்குங்க."

நாற்காலியின் பின்பக்கத்தைக் கோணல் பிடித்தார், முன்காலைத் தாடி பிடித்தார். தங்கை வாயைப் பிளந்துகொண்டு பின்னால் வந்தாள்.

"தூக்கு!" என்றார் பட்டனக்கா. கல்யாணமான நாளிலிருந்து கணவரை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லாத வாய். "தாழ்த்து. இடது. இன்னும் இடது. மூலை பாரு, மூலை! தாடி, உன் முழங்கையை உள்ள வாங்கு. நில்லு!"

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. பட்டனக்கா கையை வீசினார். "நகருங்க, நகருங்க! ரெண்டு பேர் சுமையோட வர்றாங்கல்ல?" இந்தத் தடவையும் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது பட்டனக்காதான். பின்னால் சுமந்து வந்த கோணலுக்கு அவர் முகம் தெரியவில்லை, நரைத்த உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. அது சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

கடைசிப் படி முடிந்தது. வெயில் முகத்தில் அடித்தது.

"இறக்கு" என்றார் பட்டனக்கா.

கோணல் இறக்கினார். பட்டனக்கா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பின்னால் கையை விட்டு, திரும்பிப் பார்க்காமலே, கணவரின் கையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, கை ரொம்ப வலிக்குதா உங்களுக்கு?"